பாட்டுப் பட்டிமன்றம்

திரைப்பாடல்களைப் பற்றி ரசிகர்களிடையே ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தை மேடையேற்றி, இரண்டு அணி, ஒரு நடுவர், ஒரு தீர்ப்பு என்ற ஒழுங்குக்குள் கொண்டுவந்த பேச்சுக்கலை வடிவம் பாட்டுப் பட்டிமன்றம். 1990களில் இது தமிழ்நாடெங்கும் பரவியதில் பெரும்பங்கு திண்டுக்கல்லைச் சேர்ந்த ஆசிரியர் ஐ. லியோனிக்கு உண்டு. ஊர்ப்பெயர் சேர்த்துத் ‘திண்டுக்கல் லியோனி’ என்றே மக்கள் அவரை அழைக்கிறார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு அவர் குரலும் ஓர் அடையாளமாயிற்று.

பட்டிமண்டபம் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இடம்பெறும் பழைய அரங்கம். இருபதாம் நூற்றாண்டில் அதற்கு உயிர்கொடுத்தவை கம்பன் விழாக்கள். சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்து பட்டிமன்றத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். அங்கே வாதத்துக்கு வந்தவர்கள் கம்பராமாயணத்துப் பரதனும் கும்பகருணனும். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையா அதைக் குடும்ப வாழ்க்கையின் பக்கம் திருப்பினார். லியோனி இன்னும் ஒரு படி இறங்கி, டீக்கடை பெஞ்சில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்கையே எடுத்துக்கொண்டார்: பழைய பாட்டா, புதிய பாட்டா?

இந்த மேடையில் சான்று என்பது பாட்டுதான். அதைப் பாடியே காட்டவேண்டும். பேச்சாளர் பல்லவியின் முதல் இரண்டு அடியைப் பாடுவார்; கீபோர்டுக்காரர் சுருதியைப் பிடிப்பார்; தபேலா சேர்ந்துகொள்ளும். சட்டென்று நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பார். எதிரணிக்காரர் எழுந்து, இரைச்சல் என்று பழிக்கப்பட்ட புதுப்பாட்டைத் தாளமில்லாமல் நிதானமாகப் பாடுவார். கருவிகள் விலகியதும் வரிகள் தெளிவாகக் கேட்கும். கைதட்டல் அணி மாறும். ஒவ்வொருவருக்கும் பின் நடுவர் குறுக்கிட்டுச் சீண்டுவார், பாடுவார், எடைபோடுவார். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவராக இருந்த நடுவரை லியோனி நிகழ்ச்சியின் முதன்மைப் பாடகராகவே ஆக்கிவிட்டார்.

இந்த வழக்கின் சுவையே எல்லைக்கோடு நகர்வதில் இருக்கிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இலும் கண்ணதாசன் 1981-இலும் மறைந்தார்கள். அவர்கள் எக்காலத்திலும் ‘பழைய’ அணியின் சொத்து. இளையராஜாவின் நிலை வேறு. ‘அன்னக்கிளி’ வந்த 1976-இல் அவர் புதியவர். 1992-இல் ‘ரோஜா’ படத்துடன் ஏ.ஆர். ரகுமான் வந்ததும் அவர் மெல்லப் பழைய அணிக்குப் பெயர்ந்தார். இன்று ‘ரோஜா’வையே பழைய பாட்டு என்று சொல்லும் தலைமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்தத் தீர்ப்பும் ஒரு தலைமுறைக்கு மேல் செல்லாது. அதனால்தான் ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்ப வைத்தும் கூட்டம் குறையவில்லை.

வெளிநாட்டில் இதற்கு இணையைத் தேடினால் அறிவியல் புனைவுத் தொடர்களின் ரசிகர்களைத்தான் சொல்லவேண்டும். 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’கின் ரசிகர்கள் 1972-இல் நியூயார்க்கில் மாநாடே நடத்தினார்கள். 1987-இல் அடுத்த தலைமுறைத் தொடர் வந்தபின், முதல் தொடரின் கேப்டன் கிர்க்கா, அடுத்த தொடரின் கேப்டன் பிக்கார்டா என்பது அவர்களுடைய தீராத வழக்கு. தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது; ஆனால் அரை நூற்றாண்டு வாதாடும் அளவுக்கு நீண்ட அறிவியல் தொடர் நமக்கு வாய்க்கவில்லை. அந்த இடத்தைத் திரைப்பாட்டு நிரப்பியது. அந்த மாநாடுகளில் கூடுவோர் டிக்கெட் வாங்கிய ரசிகர்கள். இங்கே கோயில் திருவிழாவிலும் மாதா கோயில் திருவிழாவிலும் பாட்டி முதல் பேரன்வரை தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பட்டறை வேலை முடித்தவரும் சந்தையில் மூட்டை இறக்கியவரும் பின்னால் நின்று கேட்பார்கள்.

மேடையைவிட ஒலிநாடாதான் இதை வேகமாகப் பரப்பியது. கல்யாண வீட்டு மைக்செட்டிலும் டீக்கடையிலும் லியோனியின் கேசட் ஓடியது. பிறகு தீபாவளி, பொங்கல் நாள்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சியாயிற்று. 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நீயா நானா’ நடுவர் தீர்ப்பை விட்டுவிட்டு, பொதுமக்களையே இரு அணியாக உட்காரவைத்தது.

இலக்கியம் பேசிய மேடையைச் சிரிப்பு மேடையாக்கிவிட்டார்கள் என்று தமிழறிஞர்கள் குறைப்பட்டதுண்டு. மாமியார், மருமகள், மனைவி என்று பெண்களையே கேலிப்பொருளாக்கும் துணுக்குகளைப் பொறுத்தவரை அந்தக் குறை முற்றிலும் நியாயமானது. பாட்டைப் பொறுத்தவரை நியாயமில்லை. ஒரு வரியை நிறுத்தி, சொல்லைப் பிரித்து, எதிரணியின் பாட்டையும் முழுக்கக் கேட்டபின் மறுக்கப் பழக்கிய மேடை இது. எழுத்தறியாதவருக்கும் கவிதை ஆராய்ச்சியில் இடம் கொடுத்தது.

லியோனி 2021-இல் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவருடைய மேடைகளைப் பதிவுசெய்த கேசட்டுகளோ பல வீடுகளில் பரணில் கிடந்து பூஞ்சை பிடிக்கின்றன. வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாமல் கணினியில் ஏற்றிவையுங்கள். நூலகமோ கல்லூரித் தமிழ்த்துறையோ கேட்டால் ஒரு பிரதி கொடுங்கள்.