வீட்டில் எழுதிய ஒளிவட்டுகள்

பினாங்குத் தண்ணீர்மலையின் மேல் இன்று நாம் காணும் முருகன் கோயில் 2012-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. தைப்பூசத்தின்போது ஜார்ஜ் டவுன் வீதிகளில் வெள்ளித்தேரேயன்றித் தங்கத்தேர் ஒன்றும் வரத் தொடங்கியது 2017-ஆம் ஆண்டில். இவற்றுக்கு முந்திய நிலையை, பழைய மலைக்கோயிலையும் வெள்ளித்தேர் மட்டுமே உலா வந்த பூசத்தையும், அசையும் படமாகக் காண விழைவோர் எங்கே செல்வது? காவடி எடுத்தவர்களின் வீட்டு அலமாரிகளைத்தான் நாட வேண்டும். நேர்த்திக்கடன் செலுத்தும் நாளில் வீடியோக்காரரை அமர்த்திப் படம் பிடிப்பது நம்மவர் வழக்கம். திருமணம், மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றுக்கும் அவ்வாறே. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எடுத்த அத்தகைய படங்கள் பலவும் டி.வி.டி. எனும் ஒளிவட்டுகளில் எழுதப்பெற்றன.

அவற்றை எடுத்து இன்று ஓட்டிப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஒரே கடையில், ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு வட்டுகளுள் ஒன்று எந்த வீட்டுக் கருவியில் இட்டாலும் ஓடுகிறது. மற்றொன்று வாய் திறப்பதில்லை. மலிவான சரக்கு என்று சொல்லிச் சிலர் அதைத் தள்ளிவிடுவர். அது பாதி உண்மையே. வட்டை எழுதியவர் அதற்குரிய இலக்கணம் பிழையாது எழுதினாரா என்பது மற்றைப் பாதி. அவ்விலக்கணம் எவ்வாறு அமைந்தது, அதில் நம் வீட்டு வட்டு எங்ஙனம் இடம் பெற்றது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஆங்கிலத்தில் இத்தொழிலை எரித்தல் எனப் பொருள்படும் சொல்லால் குறிப்பர். நம் இளைஞரும் 'பர்ன் பண்ணுவது' என்றே சொல்வர். அங்கே எதுவும் எரிந்து சாம்பலாவதில்லை. வெற்று வட்டினுள் சாயம் ஒன்று மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கிறது. 650 நானோமீட்டர் அளவான அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி பட்ட இடத்தில் அச்சாயம் சூடேறி மாறுகிறது. ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மை அவ்விடத்தில் குன்றுகிறது. திருப்பும் இடமும் திருப்பாத இடமும் அடுத்தடுத்து வருவதே அங்கு எழுத்து. ஆகவே இக்கட்டுரையில் இதனை எழுதுதல் என்றே வழங்குவேன். கடையில் விற்கும் திரைப்பட வட்டோ எழுதப்படுவதன்று, அச்சிடப்படுவது. மூலத்தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, பாலிகார்பனேட் எனும் நெகிழியில் நுண்ணிய பள்ளங்களாக அழுத்தி எடுப்பர். ஏட்டுச்சுவடிக்கும் அச்சு நூலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. பின்வருவன யாவும் இவ்வேறுபாட்டைப் பற்றியே நிற்கின்றன.

ஒளிவட்டுக்கு முன் நம் வீடுகளில் இருந்தது வி.எச்.எஸ். நாடா. ஜப்பானில் 1976-இல் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட அந்நாடா, 1980-களில் மலேசியத் தமிழர் கூடங்களிலும் இடம்பிடித்தது. பினாங்கின் ஈரக்காற்று அதற்குப் பகை. சில ஆண்டு திறவாமல் வைத்த நாடாவில் வெண்பூசணம் படர்ந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆதலால் 1993-இல் இலக்கணம் வகுக்கப்பெற்ற வீடியோ சி.டி. இங்கு வந்தபோது மக்கள் அதனை இரு கை நீட்டி வரவேற்றனர். அமெரிக்காவில் வேரூன்றாத அவ்வட்டு, சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் வீட்டுக்கு வீடு புகுந்தது. லெபோ பசாரிலும் லெபோ பினாங்கிலும் இருந்த இசைக்கடைகளின் வாசலில் அந்நாளில் அடுக்கி வைத்திருந்தவை பெரும்பாலும் இவையே. குறை இரண்டு. படம் 352-க்கு 288 புள்ளிகள் என்னும் அளவில் மங்கலாகத் தெரியும். ஒரு வட்டில் அடங்குவது 74 நிமிடமே. தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு மூன்று வட்டுகள் வேண்டும். மாங்கலியதாரணத்துக்குச் சற்று முன் வட்டு முடிந்துபோக, வீட்டுப் பிள்ளை எழுந்தோடி அடுத்ததை இட்ட காலம் அது.

டி.வி.டி.யின் பிறப்பு ஓர் உடன்படிக்கையின் கதை. 1995-இல் இரு அணிகள் தனித்தனி வட்டுகளை முன்வைத்தன. ஒருபால் தோஷிபாவும் அதன் துணைவரும். மறுபால் பிலிப்ஸும் சோனியும். நாடாக் காலத்தில் வி.எச்.எஸ்., பீட்டாமேக்ஸ் என இரு வகை மோதியதால் மக்கள் பட்ட இடர் எவரும் மறவாதது. அது மீண்டும் நேரலாகாது என்று கணினி நிறுவனங்கள் அழுத்தம் தந்தன. அவ்வாண்டே இரு திறத்தாரும் ஒரே வட்டுக்கு இசைந்தனர். 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. சி.டி.யில் 1.6 மைக்ரோமீட்டராக இருந்த பாதை இடைவெளி இதில் 0.74 ஆயிற்று. வட்டின் அகலம் அதே 12 சென்டிமீட்டர், கொள்ளளவோ 4.7 கிகாபைட்.

அவ்வுடன்படிக்கை செய்தவர் மனத்தில் இருந்தது திரைப்பட நிறுவனமேயன்றி, வீட்டில் அமர்ந்து மகளின் அரங்கேற்றத்தை எழுத முயலும் தந்தை அல்லர். 1997-இல் பயனியர் நிறுவனம் எழுதும் கருவி ஒன்றை வெளியிட்டது. அதன் விலை பல்லாயிரம் டாலர். வட்டில் அடங்கியது 3.95 கிகாபைட் மட்டுமே. படத்தொழிற் கூடங்களுக்கே அது கட்டுப்படியாகும். 2001 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் பயனியரின் புதிய எழுதியைத் தன் கணினியினுள் வைத்து விற்றபோதுதான் கதவு திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் விலை சரிந்து, சாதாரணக் கணினிகளிலும் எழுதி இடம்பெற்றது.

கருவி வந்தது, இலக்கணம் வந்ததா? இல்லை என்பதே என் கருத்து. கணினியில் இருக்கும் படக்கோப்பை அப்படியே வட்டில் ஏற்றிவிட்டால் அது டி.வி.டி. ஆகிவிடும் என்று எண்ணியவர் பலர். அது நூலாகாத ஏட்டுக் கட்டுக்கு ஒப்பாகும். வீட்டுக் கருவி வட்டினுள் வீடியோ டி.எஸ். என்னும் பெயருடைய அடைவைத் தேடும். அதற்குள் படமும் ஒலியும் கலந்த வி.ஓ.பி. கோப்புகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்கு மேற்படாது. எந்த இயல் எங்கே தொடங்குகிறது என்று கூறும் ஐ.எஃப்.ஓ. கோப்பு உடன் வேண்டும். அது பழுதுற்றால் பயன்படுதற்கு அதன் படியும் வேண்டும். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டு, வினாடிக்கு 98 லட்சம் பிட் என்னும் எல்லையைத் தாண்டாமல் இருத்தல் வேண்டும். இரண்டு மணி நேரத் திருமணத்தை 4.7 கிகாபைட்டில் அடக்கக் கணக்கிட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 52 லட்சம் பிட் வரும். அதில் ஒலிக்கும் பங்கு உண்டு. மூன்று மணி நேரத்தைத் திணித்த வட்டில் மணமகளின் முகம் கட்டங்கட்டமாகச் சிதைவது இதனாலேயே.

தொலைக்காட்சி முறையும் இடையிட்டது. மலேசியா 1978-இல் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியபோது பால் முறையை மேற்கொண்டது. இந்தியா 1982-இல் அதனையே கைக்கொண்டது. இலங்கையும் அவ்வழியே. அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளுக்குரியது என்.டி.எஸ்.சி. முன்னதில் வினாடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் 720-க்கு 576 புள்ளி. பின்னதில் ஏறத்தாழ 30 படம், 720-க்கு 480. டொராண்டோவிலிருந்து உறவினர் அனுப்பும் வட்டு பினாங்கில் பெரும்பாலும் ஓடும். இங்கிருந்து அனுப்பியது அங்கே பல கருவிகளில் ஓடாது. திரைப்பட வட்டுகளுக்கோ இதற்கு மேலும் ஒரு வேலி இட்டனர். உலகை வட்டாரங்களாகப் பகுத்து, தென்கிழக்காசியாவுக்கு 3 என்றும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5 என்றும் எண் கொடுத்தனர். சென்னையில் 5 என முத்திரையிட்டு அச்சிட்ட வட்டைப் பினாங்கின் கருவி சட்டப்படி மறுக்கலாம். வீட்டில் எழுதிய வட்டுக்கு இவ்வேலி இல்லை. வட்டார எண் இடாமல் எழுதினால் அது எந்நாட்டுக்கும் செல்லும். ஏழையின் சுவடிக்கு வாய்த்த இவ்வுரிமையை எண்ணி யான் பலகால் மகிழ்ந்ததுண்டு.

உடன்படிக்கை நீடித்ததா எனின், எழுதும் வட்டில் மட்டும் அது குலைந்தது. பயனியரின் வட்டுக்குப் போட்டியாக, பிலிப்ஸ், சோனி முதலியோர் சேர்ந்த அணி 2002-இல் மற்றொரு வகையைக் கொணர்ந்தது. முன்னதன் பெயரில் கழித்தற்குறி போன்ற கோடு, பின்னதில் கூட்டற்குறி. ஒன்றை ஏற்கும் பழைய கருவி மற்றொன்றை ஏற்காது. அவ்வாண்டிலேயே சோனி இரண்டையும் எழுதவல்ல கருவியை விற்றுச் சிக்கலைப் பாதி அவிழ்த்தது. மீதிப் பாதிக்கு ஒரு சுவையான உபாயம் கண்டனர். வட்டின் தொடக்கத்தில் 'யான் இன்ன வகை' என்று கூறும் குறிப்பு ஒன்று உண்டு. கூட்டற்குறி வட்டில் அக்குறிப்பை மாற்றி, 'யான் அச்சிட்ட வட்டு' என எழுதிவிடலாம். கருவி ஏமாந்து, மறுக்காமல் ஓட்டும். அழித்தெழுதும் வட்டுகளுக்கு அவ்வளவு நற்பேறு இல்லை. அவை ஒளியைத் திருப்பும் திறத்தில் மிகக் குறைந்தவை. பழைய கருவிகளின் கண்ணுக்கு அவை புலப்படாமற் போவதுண்டு.

எல்லாவற்றினும் மிகுதியான இழப்பை விளைத்தது வேறொரு பிழை. டி.வி.டி. வட்டை உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கிப் படிக்க வேண்டும். உள்விளிம்பில் வட்டின் இயல்பையெல்லாம் கூறும் முகப்புப் பகுதி உண்டு. படம் முழுவதும் எழுதி முடித்த பின்னரே அம்முகப்பும், இறுதி விளிம்பில் முடிவுப் பகுதியும் எழுதப்படும். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. நூல் முடிந்த பின் இயற்றி, நூலின் முன் வைப்பதன்றோ பாயிரம்? சுவடியின் கடையில் 'முற்றிற்று' என எழுதி ஏட்டைக் கட்டுவதும் நம் மரபு. வட்டெழுதுவோர் இவ்விறுதிச் செயலை 'ஃபைனலைஸ்' என்பர். தொலைக்காட்சியோடு இணைத்து நேரே பதியும் கருவிகள் வந்த காலத்தில், பதிந்தவுடன் அதே கருவியில் படம் தெரிவதால், இப்பொத்தானை அழுத்தப் பலர் மறந்தனர். மறந்த வட்டுக்குப் பாயிரமும் இல்லை, முற்றிற்றும் இல்லை. அடுத்த வீட்டுக் கருவி அதனை வெற்று வட்டென்றே கருதும்.

எங்கள் பள்ளியிலும் இது நேர்ந்தது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைக் கொண்டு, 2016-இல் தமிழ்க்கல்வியின் 200-ஆம் ஆண்டை நாடெங்கும் கொண்டாடினோம். பழைய நிகழ்ச்சிகளைத் திரையிடலாம் என்று பள்ளி அலமாரியைத் திறந்தோம். 17 வட்டுகள் இருந்தன. எட்டு மட்டுமே ஓடின. ஓடாதவற்றுள் ஆறு ஒரே வீடியோக்காரர் எழுதியவை; அவர் அத்தொழிலை விட்டு நெடுநாளாகிவிட்டது. ஆறும் முற்றிற்று எழுதாதவை என்பதைக் கணினி அறிந்த எங்கள் முன்னாள் மாணவர் ஒருவரே கண்டறிந்தார்.

கள்ளப்படி எடுப்போரும் இதே வட்டுகளையும் எழுதிகளையும் பயன்படுத்தினர் என்பதையும் கூறாதிருக்க இயலாது. மலேசிய அரசு 2000-ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் இயற்றி, வட்டு அச்சிடும் ஆலைகளை உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தது. 2007-இல் லக்கி, ஃப்ளோ என்னும் இரண்டு லாப்ரடார் நாய்கள், மோப்பத்தால் வட்டுக் குவியலைக் கண்டுபிடிக்க இந்நாட்டுக்கு வந்தன. அவை அறிந்தது நெகிழியின் மணம் ஒன்றே. கள்ளப்படியோ, கன்னிகாதானமோ, அவற்றின் மூக்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

சாயம் நில்லாப் பொருள். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதனை நாளடைவில் வெளுக்கச் செய்யும். அச்சிட்ட வட்டுக்கு இக்கேடு இல்லை. நல்ல சாயவட்டுக்குப் பேர்பெற்ற ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு முடிவோடு வட்டுத் தொழிலைக் கைவிட்டது. சோனி 2025 பிப்ரவரியில், எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளோடு, வீடியோக்காரர்கள் கையாண்ட மினி டி.வி. நாடாவின் உற்பத்தியையும் நிறுத்தியது. இன்று விற்கும் மடிக்கணினிகளில் வட்டு இடும் வாயே அரிது. செல்லரிக்கும் முன் ஏட்டைப் பெயர்த்தெழுதியதனாலேயே நம் பழநூல்கள் எஞ்சின. பெயர்த்தெழுதுவோர் இல்லாத சுவடிகள் என்னவாயின என்பதை உ. வே. சாமிநாதையரின் வரலாறு படித்தோர் அறிவர். ஏட்டைவிட வட்டுக்கு ஓர் எளிமை உண்டு: பெயர்த்தெழுதுவதால் ஓர் எழுத்தும் பிறழாது. ஆனால் படிக்க முடிகின்ற காலத்திலேயே அதனைச் செய்தாக வேண்டும்.

எங்கள் ஆறு வட்டுகளுக்காக, அவற்றைப் பதிந்த அதே வகைக் கருவியைத் தேடினோம். பட்டர்வொர்த்தில் பெற்றோர் ஒருவர் வீட்டில், தொலைக்காட்சியின் கீழ்த் தூசி படிந்து ஒன்று இருந்தது. ஒவ்வொரு வட்டாக இட்டு, மறந்துபோன அப்பொத்தானை அழுத்தினோம். சில நிமிடம் சுழன்றபின் நான்கு வட்டுகள் எல்லாக் கருவியிலும் ஓடின. இரண்டில் சாயம் போய்விட்டது. பிழைத்த நான்கனுள் ஒன்று 2005-ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் ஓடும் திடலுக்கு அப்பால், இப்போது இல்லாத லயத்து வீடுகளும் அவற்றுக்குப் பின்னே வரிசையாய் ரப்பர் மரங்களும் தெரிகின்றன. அதனை மூன்று படி எடுத்து, ஒன்றைப் பட்டர்வொர்த் வீட்டாருக்கே கொடுத்துவிட்டோம்.