தோல்வித் தொடரில் பயிற்சியாளரின் பங்கு: சென்னையின் எஃப்.சி., 2018–2020

2019 நவம்பர் 30 அன்று சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து ஜான் கிரிகோரி விலகினார். அந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் அணி சேர்த்தவை ஐந்தே புள்ளிகள். அடுத்து வந்த ஓவன் கோய்ல் எஞ்சிய 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள் எடுத்து, அணியை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். ஆகவே பழி கிரிகோரியுடையது என்று தீர்ப்பெழுதுவது எளிது. சான்றுகள் அவ்வளவு தூரம் செல்லவில்லை என்பதே என் வாதம்.

முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நவம்பர் 25 அன்று ஐதராபாத்துடன் நடந்த ஆட்டமும் 90 நிமிடம் கோலின்றியே போனது. காயநேரத்தில் சென்னையின் வீரர் ஷெம்ப்ரி அடித்தார். ஐதராபாத் சமன் செய்தது. மறுநொடியே என்னும்படி சென்னையின் முன்கள வீரர் வால்ஸ்கிஸ் அடித்து வெற்றி தேடித்தந்தார். ஒடிசாவுடனான அடுத்த ஆட்டத்தில் அவருக்கு இரண்டு கோல்கள். பருவம் முடிந்தபோது 15 கோல்களுடன் தங்கக் காலணி பெற்றவர் அவரே. ஏற்றம், ஆள் மாறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பயிற்சியாளரை மாற்றுவது பெரும்பாலும் அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான். அங்கிருந்து யார் வந்தாலும், வராவிட்டாலும், ஓரளவு மேலே ஏறத்தான் செய்யும். 1986 முதல் 2004 வரையிலான டச்சுக் கால்பந்தை ஆராய்ந்த பாஸ் டெர் வீல், பயிற்சியாளர் மாற்றத்தால் ஆட்டம் மேம்பட்டதற்குச் சான்றில்லை என்றே கண்டார். நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018–19இல் 18 ஆட்டங்களில் 13 தோல்வி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். நிர்வாகம் கிரிகோரியை மாற்றவில்லை. 2019 ஏப்ரலில் அதே அணி சூப்பர் கோப்பை இறுதியில் நின்றது. (சில ஐ-லீக் அணிகள் அந்தப் போட்டியைப் புறக்கணித்ததையும் கணக்கில் கொள்ளவேண்டும்.)

அப்படியானால் பயிற்சியாளர் பொறுப்பற்றவரா? தஞ்சைப் பகுதி விவசாயி இதைச் சரியாகவே பிரித்துப் பார்ப்பார். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் வழக்கமான ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவை பொய்த்ததற்குக் கல்லணைப் பொறியாளரையோ மதகைத் திறந்து மூடும் லஸ்கரையோ யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வந்த தண்ணீரை முறை வைத்து விடும்போது தலைமடை வயல் நிரம்பி, கடைமடை காய்ந்தால் சாலைமறியல்தான். வரத்து வேறு, பங்கீடு வேறு.

கால்பந்திலும் காயம், வீரர் விற்பனை, நிர்வாகத்தின் பணப்பை ஆகியவை வரத்து. 2018–19இல் நடுகள வீரர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஒதுங்கியிருந்தார். அது கிரிகோரியின் பிழையன்று. முந்தைய பருவத்தில் ஒன்பது கோல் அடித்த முன்கள வீரர் ஜேஜே ஒரே கோலுடன் தடுமாறியபோது தாக்குதலை வேறு வழியில் அமைத்திருக்க வேண்டியது பங்கீடு. அந்தப் பழி அவருடையதுதான். கோய்லுக்கு உரிய பெருமையும் இங்கேதான்: எதிரணிப் பகுதியிலேயே பந்தைப் பறிக்க நெருக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார், நடுகள வீரர் கிரிவெல்லாரோவைத் தாராளமாக உலவவிட்டார். 12 ஆட்டங்களில் 24 புள்ளி என்பதை இயல்பான மீட்சி என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

அதே கோய்ல் மீண்டும் வந்து, 2024–25இல் 13 அணிகளில் 11ஆம் இடத்தில் முடித்தார். அந்தப் பருவத்தையும் வரத்து, பங்கீடு என்று பிரித்து எடைபோட்ட பிறகே அவர்மீது தீர்ப்புச் சொல்ல முடியும்.