படைவீரர் குடும்பக் கல்வி உதவி (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படைவீரர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் அரசு தரும் கல்விக்கட்டண உதவி, 1944இல் நிறைவேறிய ‘ஜி.ஐ. பில்’ என்னும் சட்டத்திலிருந்து கிளைத்தது. தொடக்கத்தில் அது வீரருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் தகப்பன் போரில் இறந்திருந்தால்தான்.

முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு 1945இல் தருவதாக ஓர் ஊக்கத்தொகை வாக்களிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த அவர்கள், 1932இல் அதை உடனே தரும்படி கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கினர். அரசு ராணுவத்தை ஏவி அவர்களை விரட்டியது. அடுத்த போர் முடிவதற்கு முன்பே வீரர்களின் மறுவாழ்வைப் பற்றிச் சட்டம் பிறந்ததற்கு இரக்கத்தைவிட அந்த நினைவு தந்த அச்சமே பெரிய காரணம் எனலாம். முன்னாள் வீரர்களின் சங்கமான அமெரிக்கன் லீஜனின் முன்னாள் தலைவர் ஹாரி கோல்மெரி, மேஃபிளவர் ஓட்டலில் தங்கி முதல் வரைவைக் கையால் எழுதினார். 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக்கட்டணமும், மாதம் 50 டாலர் கைச்செலவும் கிடைத்தன. குடும்பம் உள்ளவருக்கு 75 டாலர். அந்நாளில் ஹார்வர்டில் படிக்கவும் அந்தக் கட்டணத்தொகை போதும். தகுதியற்றவர்கள் வந்து குவிவார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹட்சின்ஸும் ஹார்வர்டின் ஜேம்ஸ் கோனன்ட்டும் கவலைப்பட்டனர். 1947இல் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னாள் வீரர்கள்; அவர்கள் நன்றாகவே படித்தார்கள். 1956 வரை ஏறத்தாழ 78 லட்சம் பேர் பயன்பெற்றனர். அவர்களில் கல்லூரிக்குச் சென்றவர்கள் 22 லட்சம். மற்றவர்கள் தொழிற்பயிற்சி முதலியவற்றை நாடினர். சட்டத்தில் நிறபேதம் இல்லை. நடைமுறையில் அந்தப் பேதம் நிறையவே இருந்தது. தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. அவர்களைச் சேர்த்த கல்லூரிகளில் இடம் போதவில்லை.

1956இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம், போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாதம் 110 டாலர் வரை, 36 மாதங்களுக்கு வழங்கியது. 1964இல் முற்றிலும் ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளும், 1968இல் அத்தகைய வீரர்களின் மனைவியரும் கைம்பெண்களும் சேர்க்கப்பட்டனர். உயிரோடும் உடல்நலத்தோடும் பணியாற்றும் வீரரின் குடும்பத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிந்ததும் கணக்கு மாறியது. விரும்பி வருபவரை ஈர்க்கவும் வந்தவரைத் தக்கவைத்துக்கொள்ளவும் கல்வி உதவி ஒரு கருவியாயிற்று. 1984இன் மாண்ட்கோமரி சட்டத்தில், சேர்ந்த முதல் ஆண்டில் வீரரே மாதம் 100 டாலர் கட்ட வேண்டியிருந்தது. வியட்நாமில் போரிட்டவரான செனட்டர் ஜிம் வெப் முன்னின்று கொணர்ந்த 2008ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநில மாணவருக்குரிய முழுக் கட்டணத்தையும் வீட்டுவாடகைப் படியையும் தந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த அது, வீரர் தன் 36 மாத உரிமையை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றித்தரவும் வழிசெய்தது.

ஈராக்கில் 2006இல் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பணியில் உயிரிழந்த ஜான் டேவிட் ஃபிரையின் பெயரால், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பணியில் இறந்தோரின் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை 2009இல் ஏற்பட்டது. வாழ்க்கைத் துணைக்கு அது 2014இல்தான் நீட்டிக்கப்பட்டது. இளநிலை வீரர்களின் துணைவர்கள் தொழிற்சான்று பெறுவதற்கான மற்றொரு திட்டத்துக்கு விண்ணப்பங்கள் மிகுந்ததால், 2010இல் அது சில மாதங்கள் நிறுத்தப்பட்டு, 4,000 டாலர் உச்சவரம்போடு மீண்டும் தொடங்கியது.

உரிமையை மாற்றித்தர விரும்பும் வீரர் பொதுவாக ஆறாண்டு பணி முடித்திருக்க வேண்டும். மேலும் நான்காண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ளவும் வேண்டும். விலக்குப் பெறாமல் இடையில் விலகினால் மாற்றம் ரத்தாகும். பிள்ளையின் படிப்புக்கு அதுவரை கொடுத்த பணத்தை அரசு கடனாகத் திரும்பக் கேட்கலாம்.