வாய் அளவு: ஜெட் படகின் வரலாறும் பொருநையின் வெள்ளமும்

பாளையங்கோட்டையையும் நெல்லையையும் இணைத்து, வண்ணார்பேட்டைக்கு அருகே பொருநையைக் கடக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதன் 11 வளைவுகளை அழகுக்காக எழுந்தவை என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். வெள்ளம் வரும் நாளில்தான் அவற்றின் வேறொரு குணம் புலப்படுகிறது. அகன்று வந்த ஆறு தூண்களுக்கிடையே ஒடுங்க நேரும்போது அங்கே மட்டும் வேகம் கொள்கிறது. செடிகளுக்கு நீர் பாய்ச்சுகையில் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பிடிப்பவர்கள் கையாள்வதும் இதே விதியைத்தான். இவ்விதியை ஒரு படகின் பின்புறத்தில் பொருத்தினால் அதுவே ஜெட் படகு. படகின் அடியில் உள்ள பம்பு ஆற்று நீரை உறிஞ்சி, குறுகிய வாய் ஒன்றின் வழியே பின்னோக்கிப் பீய்ச்சுகிறது; அதன் எதிர்விசையில் படகு முன்னேறுகிறது. அந்த வாயை நம் பட்டறைகளில் நாசில் என்றே சொல்வார்கள். அது எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்ற எளிய கேள்விக்கு விடை தேடியதே ஜெட் படகின் வரலாற்றில் பெரும்பகுதி.

எண்ணம் பழையது. நீரைப் பீய்ச்சிக் கப்பலைச் செலுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் 1661-லேயே டூகுட், ஹேய்ஸ் என்ற இருவர் காப்புரிமை பெற்றனர். டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட ‘ஹைட்ரோடைனமிகா’வில் நீர்த்தாரையின் எதிர்விசையால் கப்பலைச் செலுத்துவது பற்றி ஆராய்ந்தார். 1787 டிசம்பரில் ஜேம்ஸ் ரம்ஸி என்ற அமெரிக்கர் பொட்டோமாக் ஆற்றில் நீராவிப் பம்பு பொருத்திய படகைப் பலர் காண ஓட்டிக் காட்டினார். பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு ஆதரவாக நின்றார். எனினும் படகு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தைத் தாண்டவில்லை. மேலும் நல்ல படகொன்றைக் கட்ட இலண்டன் சென்ற ரம்ஸி, அது முடிவதற்குள் 1792-இல் இறந்துபோனார்.

அடுத்த பெருமுயற்சி பிரிட்டிஷ் கடற்படையினுடையது. 1866-இல் நீரில் இறங்கிய ‘வாட்டர்விட்ச்’ என்ற கவசக் கப்பலில் 14 அடிக்கும் மேல் விட்டமுள்ள பம்புச் சக்கரம் சுழன்று, இரு பக்கங்களிலும் இருந்த நாசில்கள் வழியே நீரை வெளியேற்றியது. நீரின் திசையை மாற்றினால் கப்பல் பின்னோக்கியும் செல்லும். ஆனால் அதே அளவிலான உந்துதிருகுக் கப்பலை அது வேகத்தில் வெல்லவில்லை. கடற்படை அம்முறையைக் கைவிட்டது.

இத்தோல்விகளின் காரணத்தைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கொன்று உதவும். ஒரு பம்பு நொடிக்கு 100 லிட்டர் நீரை, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வெளியேற்றுகிறது என்று கொள்வோம். நாசிலின் விட்டம் சுமார் 8 செ.மீ.; தாரையில் செலவாகும் திறன் 20 கிலோவாட்; நின்ற படகின் மேல் கிடைக்கும் உந்துவிசை 2,000 நியூட்டன். இன்னொரு பம்பு அதே 20 கிலோவாட்டைச் செலவிட்டு, நொடிக்கு 400 லிட்டர் நீரை 10 மீட்டர் வேகத்தில் வெளியேற்றுகிறது. அதற்குச் சுமார் 23 செ.மீ. விட்டம் வேண்டும், உந்துவிசையோ 4,000 நியூட்டன். ஒரே செலவு, இருமடங்கு தள்ளல். அப்படியானால் அகன்ற வாயே மேல் என்று முடிவுகட்டிவிடலாமா? படகு ஓடத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. தாரையின் வேகத்துக்கும் படகின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடே உந்துவிசையாகிறது. படகு நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தை எட்டினால், அகன்ற வாயின் தள்ளல் சுழியமாகிவிடும். குறுகிய வாயோ அப்போதும் 1,000 நியூட்டன் தந்துகொண்டிருக்கும்.

ஆகவே குறுகிய வாய் விரையும் இலேசான படகுக்கு உரியது. அகன்ற வாய் மெல்லச் செல்லும் கனத்த படகுக்கு உரியது. மெல்லச் சென்ற கனத்த கப்பலான ‘வாட்டர்விட்ச்’, மாபெரும் சக்கரத்திலும் வளைந்த குழாய்களிலும் நீரின் உராய்வுக்கே பெருந்திறனை இழந்துகொண்டிருந்தது. நடைமுறையில் ஒரே பம்பில் இவ்வளவு பெரிய மாற்றம் செய்ய முடியாது. சில மில்லிமீட்டர்களே விளையாட்டு. வாயை அளவுக்கு மீறிக் குறுக்கினால் பம்பினுள் அழுத்தம் ஏறி நீரோட்டம் குறைகிறது. நின்ற நிலையிலிருந்து படகு எழும்பத் திணறும். அளவுக்கு மீறி அகற்றினால் அழுத்தம் தாழ்ந்து, சுழலியின் இதழ்களில் நீராவிக் குமிழ்கள் தோன்றி வெடித்து, உலோகத்தை அம்மைத் தழும்புபோல் அரிக்கின்றன.

இந்த நூற்றாண்டுகாலக் குழப்பத்துக்கு விடை வந்தது ஒரு கப்பல் பட்டறையிலிருந்து அன்று. நியூசிலாந்தின் ஆட்டுப்பண்ணை ஒன்றிலிருந்து. அங்குள்ள ஆறுகள் ஆழமற்றவை, கூழாங்கல் நிறைந்தவை. உந்துதிருகு கல்லில் பட்டு முறியும். ஐரிஷ்மன் கிரீக் பண்ணையின் உரிமையாளர் வில்லியம் ஹாமில்டன் 1950-களின் தொடக்கத்தில், படகின் அடியில் நாசில் துருத்திக்கொண்டிருக்கும் அமெரிக்கக் கருவி ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு சோதனை செய்தார். பயன் சொற்பமே. நாசிலை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பின்பலகையில் வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை வந்தது. அப்படிச் செய்தபோது வேகம் வெகுவாகக் கூடியது. தாரை ஆற்று நீரைத் தள்ளுவதால் படகு நகர்வதில்லை. தாரையை வெளியேற்றும் செயலின் எதிர்விசையே படகை நகர்த்துகிறது. எனவே நாசில் நீரில் மூழ்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை. மூழ்கியிருந்தால் அது வெறும் தடை. இந்த யோசனையைச் சொன்னவர் ஹாமில்டனிடம் வேலை செய்த ஒருவர் என்கிறது வரலாறு. பொதுவாகச் சொல்லப்படும் கதைகளில் அவர் ‘ஒரு பணியாளர்’ மட்டுமே. ஹாமில்டனும் தம்மைக் கண்டுபிடிப்பாளராகச் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பெருமை ஆர்க்கிமிடீஸுக்கு உரியது என்பது அவர் வேடிக்கையாகக் கூறிவந்த பதில்.

1960-இல் ஹாமில்டன் படகுகள் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கை எதிர்நீச்சலில் ஏறிக் கடந்தன. 1977-இல் அவற்றின் வழித்தோன்றல்கள் நம் நாட்டுக்கு வந்தன. எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளுடன் கங்காசாகரில் புறப்பட்டு, கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயத்தை நோக்கி ஏறினார். படகை ஓட்டியவர்களில் ஹாமில்டனின் மகன் ஜோனும் ஒருவர். சமவெளியில் எரிபொருளும் மூட்டைகளும் ஏற்றி நெடுந்தொலைவு செல்ல வேண்டும். மலையில் பாறைகளுக்கிடையே சீறும் நீரை எதிர்த்துத் தாவ வேண்டும். இரு வேறு ஆறுகளைப் போன்ற இரு பகுதிகளை ஒரே பம்பு தாண்டியாக வேண்டும். நந்தப்பிரயாகைக்கு அருகே அருவி வழிமறித்தது. பயணம் அங்கிருந்து கால்நடையாகத் தொடர்ந்தது.

கையாளுதலிலும் நாசிலுக்கே முதலிடம். ஜெட் படகுக்குத் தனிச் சுக்கான் கிடையாது. தாரையை இடமும் வலமும் திருப்புவதே சுக்கான். ஆகவே விசையைக் குறைத்தால் திசையும் கையை விட்டுப் போகும். ஆபத்தைக் கண்டு பதறி விசையை விடும் புதியவர் நேரே சென்று மோதுவது இதனால்தான். தாரையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் படகின் மூக்கு எழும், கீழ்நோக்கினால் அமிழும். பின்னே செல்ல, வாளி போன்ற மூடி இறங்கித் தாரையை முன்புறம் மடக்குகிறது. 2009-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘கார் நிகோபார்’ வகை ரோந்துக் கப்பல்கள் மூன்று நீர்த்தாரைகளால் 30 கடல்மைலுக்கு மேற்பட்ட மணிவேகத்தில் ஓடுகின்றன.

இடத்துக்கேற்ற வாய் என்னும் இப்பாடம் நெல்லை மாவட்டத்துக்குப் புதிதன்று. வண்ணார்பேட்டையிலிருந்து நாகர்கோவில் சாலையில் தெற்கே சென்றால் மகேந்திரகிரி. விண்வெளியில் இயங்குவதற்கென அகன்ற நாசில் கொண்ட சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினைத் தரையில் எரித்தால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் தாரை நாசிலின் சுவரை விட்டு விலகி அதிர்வு உண்டாக்கும். அதைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்புடன் 2024 நவம்பர் 29 அன்று இஸ்ரோ அங்கே சோதனை நடத்தியது. நீருக்கான நாசில் குறுகிக்கொண்டே போவது. ராக்கெட்டின் நாசிலோ குறுகிப் பின் விரிவது. இலக்கணம் வேறானாலும் கேள்வி ஒன்றே: எங்கே இயங்கப்போகிறது?

அக்கேள்வியை நம் ஆற்றிடம் கேட்க வேண்டிய நாள் 2023 டிசம்பர் 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. பொருநை வண்ணார்பேட்டைக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் ஏறியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயிலின் சுமார் 800 பயணிகள் சிக்கினர். ரப்பர் படகுகளும் மீனவர்களின் படகுகளும் மக்களை மீட்டன. தெருவில் மிதக்கும் படகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது: மூழ்கிய வாகனம், கம்பிவேலி, நீரில் தத்தளிக்கும் மனிதர். சுழலும் இதழ்கள் வெளியே இல்லாத ஜெட் படகின் தேவை அங்கேதான் இருக்கிறது. அத்தகைய படகு வாங்கும் நாள் வந்தால், விற்பவர் சொல்லும் உச்சவேகத்தைக் கேட்டு மயங்கலாகாது. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மெதுவாக, நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் படகுக்கு வேண்டியது அகன்ற வாயும் அதற்கேற்ற பம்புமே. குறையையும் சொல்லிவிட வேண்டும். பம்பின் உறிஞ்சுவாயில் உள்ள கம்பியழியை ஆகாயத்தாமரையும் வாழை மட்டையும் பிளாஸ்டிக் பையும் நொடியில் அடைத்துவிடும். நம் வெள்ளத்தில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை. நீர் உள்ளே வராவிட்டால் எந்த அளவு நாசிலாலும் பயனில்லை. படகில் இருந்தபடியே அழியைத் துப்புரவு செய்ய வழி உண்டா என்பதுதான், பேராத்துச் செல்வி அம்மன் படித்துறையில் நிற்பவர் படகு விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.