தோட்டத்து முதுமை

மூத்தோரைப் பேணுதல் தமிழர்தம் தொன்றுதொட்ட பண்பென்றும், அஃது இளைஞரிடையே அருகி வருகின்றதென்றும் மேடைதோறும் கேட்கின்றோம். முற்பகுதியை மறுப்பார் இலர். ஆயின், மலேசியத் தமிழரின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறொரு வினா எழும். நம் முன்னோர் குடியேறிய காலத்துத் தோட்டங்களில் முதியோர் இருந்தனரா?

பெரும்பாலும் இருந்திலர் எனலே பொருந்தும். ஒப்பந்தக் கூலி முறையிலும், அதற்கு ஆள்சேர்ப்பது 1910இல் நின்றபின் மேலும் தழைத்த கங்காணி முறையிலும் கப்பலேறியவர் உழைக்கும் வயதினரே. அவர்தம் பெற்றோர் ஊரிலேயே நின்றுவிட்டனர். மகன் ஆற்றவேண்டிய கடமை மணியார்டராகச் சுருங்கிற்று. அம்மகனே தளர்ந்தால் என் செய்வது? 1907இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினர். புதிய ஆட்களைக் கொணரும் கப்பற் கட்டணமே அதன் தலையாய செலவு. உழைக்க இயலாதாரைத் தாயகத்துக்கு அனுப்பியதும் அந்நிதியே. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது, நலமாய் இருந்தோரும் வேலையின்மையாற் பல்லாயிரவராகத் திருப்பியனுப்பப்பட்டனர். தொழிலாளியின் இளமை மலாயாவின் வரவாயிற்று; அவனது முதுமையோ இந்தியச் சிற்றூரின் செலவாயிற்று. இக்கணக்கை எழுதியவர் எவரும் அதனை அறக்கேடாகக் கருதியதாகத் தெரியவில்லை.

1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. பின்னர்ப் போர் மூண்டது. சயாம் மரண ரயில்பாதை பல குடும்பங்களின் தலைவரை விழுங்கிற்று. எஞ்சியோர் இம்மண்ணையே தம் மண்ணாகக் கொண்டனர். ஆகவே, லயங்களில் நரைத்த தலைகள் பெருகியது ஏறத்தாழ 1950ஆம் ஆண்டுகளிலேதான். பேரன் பேத்தியரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் பாட்டி, தோட்டத்தைப் பொறுத்தவரை, பழைய மரபன்று, புதிய வரவே. பால்மரம் வெட்ட இயலாத மூதாட்டியர் ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். முதுமைக்கு அங்கே ஒரு வேலையும் ஒரு மதிப்பும் இருந்தன என்பதை மறக்கலாகாது.

ஆனால் வீடு தோட்டத்துடையது. அறுபதாண்டு ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பமாயினும், அதில் ஒருவரேனும் தோட்டத்தில் உழைக்கும் வரையிற்றான் அவ்வீட்டில் உரிமை. தந்தை ஓய்வு பெறுங்கால் மகன் அரிவாளையோ உளியையோ ஏந்தாவிடின் குடும்பம் வெளியேற வேண்டியதே. பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டுமென நாம் வகுப்பறையிற் கூறிய அறிவுரையும், பெற்றோர் தலைக்குமேல் இருந்த கூரையும் இவ்வாறு ஒன்றோடொன்று முரண்பட்டன. 1951இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதி பெருங்கொடையே. எனினும் நாட்கூலியில் நூற்றுக்கு இவ்வளவு எனப் பிடித்துச் சேர்த்த தொகை ஐம்பத்தைந்தாம் வயதில் கைக்கு வந்தபோது, ஒரு மலிவு வீட்டின் முன்பணத்துக்கோ மகளின் திருமணத்துக்கோ சரியாய்ப் போயிற்று. தோட்டத் துண்டாடலைக் கண்டு வருந்திய துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். தொழிலாளிக்கு நிலத்தில் ஒரு பங்கு என்னும் அவ்வெண்ணமே முதுமைக்கும் நல்ல மருந்து. அது போதிய அளவு பரவவில்லை.

பண்டார் தெங்காராவில் நின்று பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். தெங்காரா என்னும் மலாய்ச் சொல் தென்கிழக்கைக் குறிக்கும். 1970ஆம் ஆண்டுகளில் காடு திருத்தி உருவாக்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சிப் பகுதி இது. இங்குச் சுற்றிலும் செம்பனையே. பெல்டா நிலக்குடியேற்றக்காரர்க்கு மூப்பு வந்தாலும் வீடும் நிலமும் அவரிடமே நிற்கும். அண்டைத் தோட்டத் தொழிலாளியோ, அதே செம்பனைக் குலையை அறுத்தவராயினும், மூப்பு வந்ததும் மூட்டை கட்டுபவர். இருவரின் பிள்ளைகளுள் எவர் அன்பு மிக்கவர் என்று ஆராய்வதற்குமுன் இதனை ஆராய்தல் நன்று.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகள்மீது வழக்கிடலாம். இந்தியாவும் 2007இல் அத்தகைய சட்டம் செய்தது. அன்பைச் சட்டத்தாற் பெறவியலுமா என ஒரு சாரார் வினவினர். பசித்தவர்க்கு அன்பு வரும்வரை காத்திருக்க இயலாது என மறுசாரார் விடையிறுத்தனர். யான் பின்னவர் பக்கமே நிற்பேன். ஆயினும், மகனை மட்டும் கூண்டிலேற்றும் சட்டம், அவன் தந்தையின் முப்பதாண்டு உழைப்பைப் பெற்றவரை வெளியே நிறுத்திவிடுகின்றது. மலேசியாவில் 2013 முதல் தனியார் துறையில் ஓய்வு வயது அறுபதுக்குக் குறையலாகாது என்று சட்டம் கூறுகின்றது. அலுவலகத்தார்க்கு அது நன்மையே. முள்நிறைந்த குலையைத் தலைக்குமேல் அறுத்துத் தள்ளுபவரின் முதுகு அச்சட்டத்தை அறியாது.

குடியேற்ற நிதி என்னவாயிற்று என்பதையும் கூறுதல் வேண்டும். 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியென உருமாறிய அது 1999இல் கலைக்கப்பட்டது. முதிய தொழிலாளர்க்கென இந்நாட்டில் இருந்த பழைய பொது நிதி அது. கலைத்தபோது நம்மிடையே எழுந்த குரல் மிகச் சிறிது.

இன்று பெற்றோர் பலர் ஜொகூர் பாருவிலும் கடற்பாலத்துக்கு அப்பாலும் வேலை செய்கின்றனர். பள்ளிக்கூட்டங்களுக்குத் தாத்தா பாட்டியரே வருகின்றனர். தேர்வு அறிக்கையில் கையொப்பமிடுபவரும் அவரே. ஆயாக் கொட்டகை வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்று அவ்வேலைக்குத் தோட்டம் நாட்கூலி தந்தது.