பாட்டாளிக் கட்சிக் கணக்கு வழக்கு

சிங்கப்பூர்ப் பாட்டாளிக் கட்சியின் பொதுச்செயலாளர் ஜே. பி. ஜெயரத்னம், கட்சித் தலைவர் வோங் ஹாங் டோய் ஆகிய இருவர்மீதும் 1980களில் நடந்த குற்ற வழக்கு இது. சம்பந்தப்பட்ட பணம் சில ஆயிரம் வெள்ளிதான். ஆனால் அதன் விளைவாக இருவரும் சிறை சென்றார்கள், ஜெயரத்னம் நாடாளுமன்ற இடத்தையும் வழக்கறிஞர் தொழிலையும் இழந்தார். குற்றம் நடந்ததற்குச் சான்று போதுமா என்ற கேள்வியைக் கடைசி முறையீட்டு மன்றம் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

ஜெயரத்னம் 1926இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், முன்னாள் மாவட்ட நீதிபதி. 1981 அக்டோபர் 31 அன்று ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, மக்கள் செயல் கட்சி மட்டுமே இருந்த நாடாளுமன்றத்தில் ஒற்றை எதிர்க்கட்சி உறுப்பினராக அமர்ந்தார். 1984 டிசம்பர் பொதுத்தேர்தலிலும் அதே தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு பழைய அவதூறு வழக்கில் தோற்ற பாட்டாளிக் கட்சி, எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டியிருந்தது. கட்சிக்கு நன்கொடையாக வந்த மூன்று காசோலைகளை அந்த எதிர்த்தரப்பின் கைக்குப் போகாமல் திருப்பிவிட்டார்கள் என்பதும், கட்சிக் கணக்கு குறித்துப் பொய்யான உறுதிமொழி அளித்தார்கள் என்பதும் குற்றச்சாட்டுகள். ஜூரி இல்லாததால், சான்றை எடைபோடும் பொறுப்பு நீதிபதியிடம் மட்டுமே இருந்தது. 1984 தொடக்கத்தில் வழக்கை விசாரித்த மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ, ஒரேயொரு குற்றச்சாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் இருவரையும் விடுவித்து, 1,000 வெள்ளி அபராதம் விதித்தார். அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு அப்போது, 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்றவரின் உறுப்பினர் பதவியைப் பறித்தது. இந்தத் தீர்ப்போடு வழக்கு முடிந்திருந்தால் ஜெயரத்னத்தின் பதவிக்கு ஆபத்தில்லை.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அதே 1984இல் கூ தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். இது நீதித்துறையில் அரசின் தலையீடு என்று ஜெயரத்னம் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். நீதிபதி டி. எஸ். சின்னதுரை தலைமையில் 1986இல் விசாரித்த ஆணையம், தலையீட்டுக்குச் சான்றில்லை என்று முடிவுசெய்தது. இதற்கிடையே 1985இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் விடுதலைகளை ரத்துசெய்து, மறுவிசாரணைக்கும் உத்தரவிட்டார். மறுவிசாரணையில் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1986 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ஒரு மாதமாகக் குறைத்து, 5,000 வெள்ளி அபராதமும் விதித்தது. சிறைக்காலம் குறைந்தாலும் அந்த அபராதமே பதவியைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. ஐந்தாண்டுகள் தேர்தலில் நிற்கவும் அவருக்குத் தகுதியில்லாமல் போனது.

வழக்கின் மிக முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய குற்ற வழக்கு அப்போது பொதுவாக உயர்நீதிமன்றத்தோடு நின்றுவிடும். சிங்கப்பூரின் கடைசி முறையீட்டு மன்றமாக அப்போது இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகாது. மறுவிசாரணையை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றும்படி ஜெயரத்னம் கேட்டது லண்டன்வரை முறையிடும் வழி கிடைக்கத்தான். அது மறுக்கப்பட்டது. ஆனால் 1987இல் அவர் பெயர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது, அந்த முடிவை எதிர்த்து லண்டனுக்குப் போகும் உரிமை அவருக்கு இருந்தது. குற்றத்தீர்ப்பின் அடித்தளத்தை லண்டன் மன்றம் ஆராய்ந்தது இந்தப் பக்கவாசல் வழியாக மட்டுமே. 1988 அக்டோபரில் பிரிவி கவுன்சில் அவரை மீண்டும் பட்டியலில் சேர்த்தது. செய்யாத குற்றத்துக்காக இருவரும் அபராதமும் சிறையும் பொது இழுக்கும் அடைந்துவிட்டார்கள் என்றும், தொடர்ந்த தவறான முடிவுகளால் பெரும் அநீதி நேர்ந்துவிட்டது என்றும் தன் கவலையைப் பதிவுசெய்தது.

ஆனால் குற்றத்தீர்ப்பையே ரத்துசெய்ய அதற்கு அதிகாரம் இல்லை. எஞ்சிய ஒரே வழி அதிபரின் மன்னிப்பு. 1989இல் அமைச்சரவையின் ஆலோசனைப்படி அதிபர் வீ கிம் வீ அதை மறுத்தார். குற்றமற்றவர் என்று ஒரு மன்றம் சொன்ன பிறகும் ஒருவர் மன்னிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்ததே இவ்வழக்கின் ஆறாத புண். அதே ஆண்டு வழக்கறிஞர் ஒழுங்குநடவடிக்கைகளில் பிரிவி கவுன்சிலுக்கு முறையிடும் உரிமை நீக்கப்பட்டது. 1994இல் எல்லா முறையீடுகளும் ஒழிக்கப்பட்டன.

சான்றைச் சோதிக்கும் மன்றம் கிடைக்குமா என்ற கேள்வி பின்னாளில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்திலும் எழுந்தது. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் சிலர்மீதான வழக்குகள் மேல்விசாரணைக்குப் பின் கைவிடப்பட்டு, 25 பேர் நீதிமன்றத்தைச் சந்தித்தனர். வேறு 57 பேர் நீதிமன்ற விசாரணை இல்லாமல் நிர்வாக உத்தரவால் நாடுகடத்தப்பட்டனர். முந்தையவர்களுக்கு எதிரான சான்றைக் குறுக்குவிசாரணை செய்ய முடிந்தது. பிந்தையவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

ஜெயரத்னத்தின் பதவியைப் பறித்த அந்த அபராத வரம்பு 2022இல் 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அவர் 1997இல் தொகுதியில்லா உறுப்பினராக நாடாளுமன்றம் திரும்பினார். 2001இல் அவதூறு வழக்குகளின் கடனால் திவாலாகி அந்த இடத்தையும் இழந்தார். 2008இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கிய அவர், அந்த மன்னிப்பு கிடைக்காமலே, செப்டம்பர் 30 அன்று தமது 82ஆம் வயதில் காலமானார்.