2 ஓம் முதல் 16 ஓம் வரை: கிதார் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரின் வரலாறு

கிதார் ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் ஸ்பீக்கர் வயரைச் செருகும் துளைக்கு அருகே பெரும்பாலும் 4, 8, 16 என ஓர் எண் அச்சாகியிருக்கும். கெட்டுப்போன ஸ்பீக்கரை மாற்றும்போது புதியதன் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மின் எதிர்ப்பு, இந்த எண்ணோடு பொருந்த வேண்டும் என்பது தொழிலில் ஊறிய விதி. விதியின் அடிப்படை இயற்பியல்தான். ஆனால் ஓர் ஆம்ப்ளிஃபையருக்கு 2 ஓம், இன்னொன்றுக்கு 16 ஓம் என்று அமைந்ததற்குக் காரணம், எந்தத் தொழிற்சாலை எந்த ஸ்பீக்கரை வாங்கி எப்படி வயர் போட்டது என்பதே.

இன்று எங்கும் பயன்படும் சுருள் ஸ்பீக்கரின் வடிவத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்டனர். வலுவான நிலைக்காந்தம் அப்போது மலிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே 1930-களின் ஸ்பீக்கர்களில் மின்காந்தமே இருந்தது. அதன் சுருளுக்கு ஃபீல்டு காயில் என்று பெயர். ஆம்ப்ளிஃபையரின் நேர்மின்னோட்டம் அந்தச் சுருள் வழியாகவே ஓடும். மின்வழங்கியின் இரைச்சலை வடிகட்டும் வேலையையும் அதுவே பார்த்தது. ஸ்பீக்கரை மாற்றுபவர் ஃபீல்டு காயிலின் மின்தடையையும் பொருத்தியாக வேண்டும். அது தவறினால் வால்வுகளுக்குப் போகும் மின்னழுத்தமே மாறிவிடும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் பல நேரம் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்திலேயே திருகப்பட்டிருந்தது. ஸ்பீக்கரோடு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தே வந்ததால் ஒலி எழுப்பும் சுருளான வாய்ஸ் காயிலின் ஓம் கணக்கு பழுதுபார்ப்பவரின் தலையில் அவ்வளவாக விழவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆல்நிக்கோ காந்தம் பரவலானதும் ஃபீல்டு காயில் மறைந்தது. சிகாகோவின் ஜென்சன் நிறுவனத்து மாதிரிப் பெயர்களில் இந்த மாற்றம் பதிந்திருக்கிறது: எஃப் என்ற முதலெழுத்து ஃபீல்டு காயிலையும், பி ஆல்நிக்கோ காந்தத்தையும், பின்னால் வந்த சி செராமிக் காந்தத்தையும் குறிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபையரின் சேஸிக்கு இடம்பெயர, ஸ்பீக்கர் இரண்டே வயருள்ள தனிப் பொருளாயிற்று. ஓம் பொருத்தம் என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெளியீட்டு வால்வுகள் ஆயிரக்கணக்கான ஓம் சுமையை எதிர்பார்ப்பவை. ஒரு ஜோடி 6எல்6 வால்வுக்கு ஏறத்தாழ 4000 ஓம் வேண்டும்; ஸ்பீக்கரிடம் இருப்பதோ 8 ஓம். இந்த இடைவெளியை நிரப்புவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அதன் சுற்றுகளின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் இம்பீடன்ஸ் விகிதம் கிடைக்கும். 4000-ஐ 8 ஆல் வகுத்தால் 500. அதன் வர்க்கமூலம் சுமார் 22. முதன்மைச் சுருளில் 22 சுற்றுக்குத் துணைச் சுருளில் ஒரு சுற்று என்று அமைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 4000 ஓமாகத் தெரியும். அதே இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வு காண்பது 2000 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் தனக்கென்று ஓம் எதுவும் வைத்திருப்பதில்லை. விகிதம் மட்டுமே அதனுடையது.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்த லியோ ஃபெண்டர், பின்னாளில் கிதார் ஆம்ப்ளிஃபையர் தொழிலில் இறங்கியபோது பக்க இணைப்பைத் தேர்ந்தார். ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட டீலக்ஸ் 8 ஓம்; இரண்டு கொண்ட ட்வின் 4 ஓம்; நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் கொண்ட பேஸ்மேன் 2 ஓம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 ஓம்தான். எண்ணிக்கைக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வேறு. பேஸ்மேனின் நான்கு ஸ்பீக்கர்களையும் எடுத்துவிட்டு ஒரே 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டுபவர் வால்வுகளின் சுமையை நான்கு மடங்காக்குகிறார்.

1962-இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் துணையோடு பேஸ்மேனின் மின்சுற்றைப் பின்பற்றி ஜேடிஎம்45-ஐ உருவாக்கினார். இங்கிலாந்தில் கிடைத்த செலஸ்டியன் 12 அங்குல ஸ்பீக்கர் 15 வாட்தான் தாங்கும் என்பதால் ஒரே பெட்டியில் நான்கு வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் 16 ஓம் கொண்ட அவற்றை இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பிலும், அந்த இரு ஜோடிகளைப் பக்க இணைப்பிலும் கட்டினால் மொத்தம் மறுபடி 16 ஓம். இரண்டு பெட்டிகளை அடுக்கினால் 8 ஓம். இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், ஓம் தேர்வு செய்யும் வசதியும் மார்ஷலின் அடையாளமாயின. இந்த மாற்றம் ஒலியையும் தொட்டது. பேஸ்மேனில் 2 ஓம் முனையிலிருந்து எடுத்த எதிர்ப் பின்னூட்டத்தை, அதாவது வெளியீட்டிலிருந்து மின்சுற்றுக்குள் திருப்பி அனுப்பும் சமிக்ஞையை, தொடக்க கால ஜேடிஎம்45 அதே 27,000 ஓம் மின்தடை வழியாக 16 ஓம் முனையிலிருந்து எடுத்தது. அங்கே சமிக்ஞையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.8 மடங்கு. ஒரே வரைபடத்திலிருந்து பிறந்த இரு கருவிகள் வேறு வேறாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ஷல் வகைப் பெட்டியில் மாற்று ஸ்பீக்கரின் தவறு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களில் ஒன்று எரிந்து, அந்த இடத்தில் ஓர் 8 ஓம் ஸ்பீக்கர் வைக்கப்பட்டதாகக் கொள்ளலாம். ஒரு ஜோடி 24 ஓம், மற்றது 32 ஓம்; மொத்தம் 13.7 ஓம். ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்தில்லை. ஆனால் 60 வாட் செலுத்தினால் புதிய ஸ்பீக்கருக்கு 11 வாட், எதிர் ஜோடியில் உள்ளவற்றுக்குத் தலா 13 வாட், புதியதோடு தொடரில் நிற்கும் பழைய ஸ்பீக்கருக்கோ 23 வாட். 15 வாட் ஸ்பீக்கர் அதைத் தாங்காது. மொத்த ஓமை மட்டும் அளந்து திருப்திப்படுவது போதாது. பெட்டிக்குள் ஒவ்வொன்றும் ஒரே ஓமாக இருக்க வேண்டும்.

சுமை இரு மடங்காகவோ பாதியாகவோ மாறினால் ஃபெண்டர் வகைக் கருவிகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். துணை ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் செருகும் துளையை அந்த நிறுவனமே கொடுத்திருந்தது. ஓம் குறைந்தால் வால்வில் மின்னோட்டம் கூடி அதன் ஆயுள் குறையும். ஸ்பீக்கரே இல்லாமல் வாசித்தால் நிலைமை மோசம்: முதன்மைச் சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் காப்பைத் துளைத்துத் தீப்பொறியாகப் பாயலாம். அதனால்தான் ஃபெண்டரின் முதன்மை ஸ்பீக்கர் துளை, எதுவும் செருகாதபோது வெளியீட்டைக் குறுக்கிணைத்துவிடும்படி செய்யப்பட்டது.

பழைய ஸ்பீக்கரின் ஓம் அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டர் உதவும். ஆனால் அது காட்டுவது நேர்மின்தடை: 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 வரையும், 16 ஓம் சுமார் 12 அல்லது 13-உம் காட்டும். 15 ஓம் என்று அச்சிட்ட பழைய செலஸ்டியனை 16 ஓமாகவே கொள்ளலாம். தயாரித்த நிறுவனத்தை அறியச் சட்டத்தில் குத்திய எண்ணும் துணை செய்யும். 220 என்று தொடங்கினால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 67 என்றால் எமினன்ஸ்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களில் பொதுவாக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, விதியும் தலைகீழாகிறது. கூடுதல் ஓம் போட்டால் சத்தம் குறையும், அவ்வளவே. குறித்ததைவிடக் குறைந்த ஓம்தான் அங்கே கேடு. வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கையாண்டு பழகியவர்கள் இதை மறக்கக் கூடாது.

செலஸ்டியனின் முக்கியமான கிதார் ஸ்பீக்கர்கள் இன்றும் 8 ஓம், 16 ஓம் என இரு வகையில் விற்பனைக்கு வருகின்றன. மாதிரிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், பழைய பெட்டியைத் திறந்ததும் வயர் போன வழியைத் தாளில் வரைந்துகொண்டு, அதற்குரிய ஓமையும் கேட்டு வாங்க வேண்டும்.